பக்கத்தில் நடப்பவரின் தர்மம்



மனசு உடைஞ்சு போன ஒரு கூட்டாளி உங்களிடம் வந்து, "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்று கேட்கிறான். நீங்களும் போகிறீர்கள். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கடமை என்ன? அறிவுரை சொல்வதா, பேசாமல் கேட்டுக்கொண்டே வருவதா? அவன் சொன்னதை அவன் வீட்டில் சொல்லலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் தவறாகப் பதில் எழுதிவிட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்ட தம்பியின் அனுமதியோடு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தைப்பிங். ஏரிப் பூங்கா இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஈய லம்பம். ஈயம் எடுத்து முடித்த பிறகு மிஞ்சியவை குழிகள்தான். 1880-இல் அந்த இடத்தைப் பூங்காவாக மாற்றினார்கள். அந்தக் குழிகள்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற ஏரிகள். கரையோர மழைமரங்கள் சாலையைத் தாண்டி வளைந்து, கிளைகளைத் தண்ணீரின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் அந்த நிழலில் நடப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு அந்தத் தம்பி ஒழுங்காக வருவான். படிவம் ஐந்து, எஸ்.பி.எம். ஆண்டு. திடீரென்று பேச்சு குறைந்தது. வகுப்பு முடிந்ததும் அவனை ஓர் அறையில் உட்கார வைத்து, "என்னப்பா பிரச்சினை? சொல்லு" என்று கேட்டோம். "ஒன்னுமில்ல அண்ணா." மூன்று வாரமும் அதே பதில். நாலாவது வாரம், "வா, ஏரிப்பக்கம் போய்ட்டு அப்படியே பசியாறிட்டு வரலாம்" என்றேன். இரண்டாவது ஏரியைத் தாண்டுவதற்குள் அவனே ஆரம்பித்தான். அப்பா வீட்டை விட்டுப் போனது, ராத்திரியில் தூக்கம் வராதது, இரண்டு மாதமாக டியூஷனுக்குப் போகாமல் மோட்டாரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாம் வந்தது.

அறையில் வராத வார்த்தை நடக்கும்போது எப்படி வந்தது? மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன் என்றால் அது விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிறோம். பேச்சு நின்றாலும் கால் நடந்துகொண்டிருப்பதால், மௌனம் பாரமாகத் தெரிவதில்லை.

பல நாடுகளில் மனநல ஆலோசகர்கள் இன்று இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். படுக்கையில் சாய்ந்தபடி பேச வைக்கும் சிகிச்சைக்குப் பேர்போன சிக்மண்ட் ஃப்ராய்ட், இசைமேதை குஸ்தாவ் மாலரை 1910-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் சந்தித்தபோது, இருவரும் மணிக்கணக்காக நடந்துகொண்டேதான் பேசினார்கள். நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் பிறக்கின்றன என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். ஆகவே, நடந்தால் வாய் திறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திறந்த வாயை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதுதான் தர்மப் பிரச்சினை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முடிப்பதற்குள், "கவலைப்படாதே, சாமி கும்பிடு, படிப்பைப் பாரு, எல்லாம் சரியாயிடும்" என்று கொட்டித் தீர்த்தேன். அடுத்த வாரம் கோயிலில் அவன் அம்மாவைப் பார்த்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் டியூஷன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அன்றிரவு கைப்பேசியில் ஒரே ஒரு வரி வந்தது: "அம்மாகிட்ட சொல்றதுக்குத்தான் என்கூட நடந்தீங்களா அண்ணா?"

அதன்பின் ஐந்து மாதம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் பகவத் கீதையின் தொடக்கத்தைத் திரும்பப் படித்தேன். கீதை என்றாலே நமக்குக் கண்ணனின் உபதேசம்தான் ஞாபகம் வரும். ஆனால் முதல் அத்தியாயம் முழுவதிலும் கண்ணன் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். மற்றபடி, உடைந்துபோன அர்ஜுனன் பேசுகிறான், தேரோட்டி கேட்கிறார். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் கொஞ்சம் கடிந்துகொள்கிறார். அதனால் அர்ஜுனன் எழுந்துவிட்டானா? இல்லை. மறுபடியும் தன் மனக்குழப்பத்தையே சொல்கிறான். கடைசியில், "எனக்குத் தெரியவில்லை, நீ வழிகாட்டு" என்று அவனே கேட்கிறான். அதற்குப் பிறகுதான் உபதேசம் ஆரம்பிக்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் உபதேசம் முடியும் கட்டத்திலும், நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அர்ஜுனனிடமே விடுகிறார்.

பகவானே கேட்கப்படும் வரை காத்திருந்தார். நான் இரண்டாவது ஏரி வரைகூடக் காத்திருக்கவில்லை.

"அப்படியென்றால் பெரியவர்கள் புத்தி சொல்லவே கூடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் கேட்காதவனுக்குச் சொல்லும் புத்தி பல நேரம் அவனுக்காகச் சொல்வது இல்லை. அவன் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நம்மால் முடியவில்லை. அதைச் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறோம். என் அவசரமும் அப்படிப்பட்டதுதான் என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. சொன்னதையெல்லாம் ரகசியமாக வைத்துக்கொள்வதுதான் தர்மமா? டியூஷன் விஷயத்தை அம்மாவிடம் சொல்வது அவன் உரிமை. வேண்டுமானால், "நீயே சொல்றியா? நான் கூட வரவா?" என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவன் சொன்னால் கதை வேறு. அங்கே மௌனம் காப்பது நட்பு ஆகாது. உடனே ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவனைத் தனியே விடக்கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப்பிரிவை நம் நாடு 2023-இல் நீக்கிவிட்டது. ஆகவே போலீஸ் பயத்தால் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்களை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

அதனால் இப்போதெல்லாம் நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது என்கூடவே இருக்கும். உன் உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்." எல்லையை முதலிலேயே சொல்வதுதான் நேர்மை. வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது துரோகம்.

வேறு சில விஷயங்களையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பூங்காவில் தெரிந்தவர்கள் எதிரே வருவார்கள். ஆகவே எங்கே நடப்பது என்று அவனையே கேட்க வேண்டும். அவன் வேகம்தான் நம் வேகம். நடக்க முடியாதவர்களோடு ஒரு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும். வயது குறைந்தவர்கள் என்றால், நடக்கப் போவதும் யாரோடு போகிறார்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள இடமாகவும் இருக்க வேண்டும். முக்கியமாக, நாம் ஆலோசகர்கள் இல்லை. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களுக்கே அந்தப் பெயர் உரியது. அவர்களின் கதவு வரை கூட நடந்து போவதுதான் நம் வேலை.

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கூட வரும் கூட்டாளிகள் தண்ணீர் கொடுப்பார்கள், முக்காலி தூக்கி வருவார்கள், களைத்தால் உட்கார வைப்பார்கள், பாடுவார்கள். ஆனால் காவடியைப் பிடுங்கித் தங்கள் தோளில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 272 படியையும் அவனே ஏறுகிறான். அவன் மயங்கி விழுந்தால் மட்டும், யாரையும் கேட்காமல் முதலுதவிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்தில் நடப்பவரின் தர்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து அந்தத் தம்பி வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணா" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஏரிக்கு வந்தான். ஒரு சுற்று முழுக்க இருவரும் பேசவே இல்லை. தைப்பிங் மழை வழக்கம்போலப் பிடித்துக்கொண்டது; ஒரே குடையில் நடந்தோம். இரண்டாவது சுற்றில், "அண்ணா, எங்க காலேஜ்ல ஒரு கவுன்சிலர் இருக்காங்களாம். முதல் நாள் மட்டும் கூட வரீங்களா?" என்று கேட்டான்.

போனேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினான் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.