பனியா, புகையா?

ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. வசந்தகாலக் கொண்டாட்டத்தோடு சேர்ந்து மோட்டார் ஓட்டங்களும் நடக்கும். நானுஓயாவை ஒட்டிய ராதல்லவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்தேறும் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு பந்தயம் கட்டி ஏறும். கீழிருந்து கிளம்பும்போது ஒரே சீராக உறுமும் எஞ்சின், முள் ஆறாயிரத்தை நெருங்கியதும் பட், பட், பட் என்று திக்கத் தொடங்கும். மண்மேட்டில் குந்தியிருக்கும் தோட்டத்துப் பையன்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "மிஸ் அடிக்குதுடா."

சொன்னது சரி. ஆனால் ஏன் மிஸ் அடிக்கிறது? அதற்கும் அந்த மேட்டிலேயே நாலைந்து பதில்கள் கிடைக்கும். பிளக், கொயில், பெற்றோல் பம்ப், போதாக்குறைக்குக் கண்ணூறு. ஒரு விளைவைப் பார்த்து அதன் காரணத்தை எப்படித் துணிவது என்ற கேள்வி மெக்கானிக்குகளுடையது மட்டுமல்ல. தமிழில் அதை ஒரு காப்பியமே கேட்டிருக்கிறது, அதுவும் மலையையும் பனியையும் வைத்து.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்றைத் தானாக உறிஞ்சும் சாதாரண எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடும். மலைநாட்டு இளைஞர்களுக்கு டர்போ மீது ஆசை வருவதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தின் அல்ஃபிரட் புக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். 1918-இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபோர்ட் மோஸ் ஒரு விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றி, மெலிந்த காற்றிலும் டர்போவால் முழுப் பலமும் கிடைக்கும் என்று காட்டினார். டர்போவின் பெருமை முதன்முதலில் நிரூபணமானதே ஒரு மலையில்தான்.

அதனால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய டர்போவை வாங்கி, டர்போவுக்கென்று செய்யப்படாத எஞ்சினில் பூட்டுகிறார்கள். குழாய்களை வெல்டிங் பண்ணுகிறார்கள். வண்டி பறக்கிறது, ஐயாயிரம் வரைக்கும்.

அங்கேதான் சிக்கல். ஆறாயிரம் சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 தடவை தீப்பொறி கேட்கும். நான்குக்கும் ஒரே கொயில் என்றால் அது விநாடிக்கு 200 தடவை நிரம்பி வெடிக்க வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 மில்லி விநாடிதான் இருக்கிறது. அதற்குள் கொயில் முழுதாக நிரம்பாமல் போகலாம். டர்போவோ சிலிண்டருக்குள் காற்றை நெருக்கித் திணிக்கிறது. அழுத்தம் கூடக் கூட அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் வெளியிட்ட விதி அது. சாதாரண ஓட்டத்துக்கு 1.1 மில்லி மீட்டர் இடைவெளி வைத்த பிளக், டர்போ ஊதும் நேரத்தில் பொறியைத் தாண்டவிடாமல் திணறும். இதற்காகவே அனுபவசாலிகள் இடைவெளியை 0.7, 0.8 என்று குறுக்கிவிடுவார்கள்.

வண்டி நின்றபடி உறுமும்போது பழுது தெரியாது. ஹட்டன் டவுனுக்குள் மெதுவாக உருட்டும்போதும் தெரியாது. பாரமும் வேகமும் சேரும்போதுதான் வெளியே வரும். இல்லாதது புதிதாகத் தோன்றாது, காரணத்துக்குள் நுண்மையாக இருந்ததே காரியமாக வெளிப்படுகிறது என்பது சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதம். களிமண்ணில் குடம் இருப்பதைச் சொல்லி விளக்குவார்கள். தளர்ந்த கொயில் இன்னும் எடுப்பான உவமை. ஆறாயிரத்தில் கேட்ட திக்கல் ஆயிரத்திலும் அதற்குள் இருந்தது.

சரி, கொயில்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? இதே சத்தத்தைப் பெற்றோல் பற்றாக்குறையும் தரும். சுற்று ஏற ஏற இன்ஜெக்டர் திறந்து மூடக் கிடைக்கும் நேரம் குறைகிறது. சாதாரண எஞ்சினுக்கு அளந்து வைத்த இன்ஜெக்டர் டர்போ திணிக்கும் காற்றுக்கு ஈடாகப் பெற்றோலை ஊற்ற முடியாமல் கையை விரித்துவிடும். கலவை மெலிந்து நெருப்புப் பற்றாது. வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். போதாததற்கு, மலைநாட்டு ஈரம் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் புகுந்து பொறியைத் திசை திருப்பும்.

இங்கே மெக்கானிக் ஒரு கருவியை எடுக்கிறார். சைலன்சர் குழாயில் பொருத்தும் ஒட்சிசன் சென்சர். அது காட்டுவது: கலவை மெலிவு. ஆக, பெற்றோல் பற்றாக்குறைதான் என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரில் பெற்றோலைக் கூட்டிவிடுகிறார். வண்டி முன்னைவிட மோசமாகத் திக்குகிறது.

என்ன நடந்தது? அந்தச் சென்சருக்குப் பெற்றோலைத் தெரியாது, ஒட்சிசனை மட்டுமே தெரியும். பொறி விழாத சிலிண்டரில் எதுவும் எரிவதில்லை. எரியாத காற்றின் ஒட்சிசன் அப்படியே வெளியேறிச் சென்சரைத் தொடுகிறது. ஒட்சிசன் மிகுதியைக் கண்ட சென்சர் மெலிவு என்கிறது. பழுது பொறியில், பழி பெற்றோலின்மேல்.

முன்பு சொன்ன காப்பியம் இங்கேதான் வருகிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைச் சொல்லிக்கொடுக்கிறார். இம்மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையில் கண்டதுபோல என்று சரியான அனுமானத்தைக் காட்டிவிட்டு, அனுமானம் வழுக்கும் இடங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அவற்றில் ஒன்று சித்தாசித்தம். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலே, புகை, ஆகவே நெருப்பு என்று துணிந்துவிடுவது. ஏதுவே, அதாவது காட்டும் சான்றே, ஐயத்தில் கிடக்கும்போது அதன்மேல் முடிவை ஏற்றினால் நிற்காது. விடியற்காலையில் பீதுருதாலகாலையின் பக்கம் நிமிர்ந்து பார்க்கும் எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. சென்சரின் மெலிவுக் கணக்கை மெக்கானிக் பார்த்தது, பனியைப் பார்த்துப் புகை என்றதுதான். தமிழ் மாணவர்களுக்கு அந்தக் காதையை வறண்ட பகுதி என்று சொல்லித் தாண்டவைக்கும் ஆசிரியர்கள் ஒரு கராஜில் அரை நாள் நின்று பார்க்கலாம்.

இன்னொரு வழுவும் அதே காதையில் இருக்கிறது. ஏது இரு பக்கத்துக்கும் பொதுவாக நின்றால் ஒன்றையும் நிறுவாது. அதற்குச் சாதாரணம் என்று பெயர். ஒரு வண்டி ஹட்டனில் ஒழுங்காக ஓடி, ஏ-7 வீதி வழியே கித்துல்கலை தாண்டி அவிசாவளைக்கு இறங்கியதும் மிஸ் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே காற்று அடர்த்தி, சிலிண்டரில் அழுத்தம் கூடுதல், பொறி திணறுகிறது என்று வாதிடலாம். கீழே காற்று அடர்த்தி, அதற்கு ஈடான பெற்றோலை இன்ஜெக்டரால் தர முடியவில்லை என்றும் அதே வாயால் வாதிடலாம். அவ்வளவு தூரம் ஓட்டிப் பெற்ற சான்று இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது!

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். சிலிண்டருக்கொரு கொயில் உள்ள வண்டியென்றால், சந்தேகப்படும் கொயிலைக் கழற்றி இன்னொரு சிலிண்டரில் போட வேண்டும். திக்கலும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டான். மாறாவிட்டால் கொயில் நிரபராதி. ஒன்று இருக்கும்போது மற்றது இருப்பதும், இல்லாதபோது இல்லாமல் போவதும் என்ற இந்த இரட்டைச் சோதனைக்குத் தருக்க நூலார் அன்வயம், வெதிரேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் இதன் உயிர். பிளக், கொயில், பம்ப் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு வண்டி சரியாகிவிட்டது என்பவர் வண்டியைத் திருத்தியிருக்கலாம், காரணத்தை அறியவில்லை. அடுத்த தடவையும் மூன்றுக்கும் காசு கட்டுவார்.

இப்போது கண்ணூற்றுக்கு வரலாம். அதைச் சிரித்துத் தள்ளுவது நகரத்து வழக்கம். மலையகத்தின் சமயம் அவ்வளவு மேலோட்டமானதல்ல. தேயிலை ஆலைகளில் ரோதை முனி என்றொரு தெய்வம் உண்டு. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து முனியைக் கூட்டிக்கொண்டு வந்த மக்கள், இங்கே இயந்திரத்தைக் கண்டதும் அதற்கும் ஒரு முனியைக் காவல் வைத்தார்கள். கை, விரல் போகும் ஆபத்துள்ள இடத்தில் காவல் தெய்வம் நிற்பது அச்சத்தின் நேர்மையான வடிவம். ஆனால் அந்த முனி ஒருபோதும் பெல்டை இறுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டதில்லை. படையல் வைக்கும் ஆலையில் பெயரிங்குக்குக் கிரீஸ் வைக்கவும் ஆள் இருப்பார், சில வேளை இருவரும் ஒருவரே.

ஆபத்து முனியிடம் இல்லை, "விதி" என்ற சொல்லில் இருக்கிறது. முனி கூடவே நின்று காப்பவர். விதி, கேள்வியை மூடும் மூடி. வினைக் கொள்கையைப் போற்றும் சமயங்களே அப்படி மூட அனுமதித்தனவா என்று பார்த்தால், இல்லை. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற பரிவிராசகன், அதாவது ஊர் ஊராய்த் திரியும் துறவி, மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால்தான் என்கிறார்களே என்று புத்தரிடம் கேட்கிறான். அவர் எட்டுக் காரணங்களை எண்ணுகிறார்: பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், ஒழுங்கற்ற பராமரிப்பு, பிறர் செய்யும் ஊறு, கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாம் முன்வினை என்பவர்கள் கண்ணால் கண்டதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறுகிறார்கள் என்பது அவர் முடிவு. அந்தப் பட்டியலில் பராமரிப்பு இடம்பெற்றிருப்பதைக் கராஜ்காரர்கள் கவனிக்கலாம்.

சைவ சித்தாந்தம் வினைக்கு இதைவிட அதிக இடம் கொடுக்கும். ஆனாலும் வினை வெறுங்கையோடு வந்து அடிப்பதில்லை. ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என்ற மூன்று வாயில்களில் ஒன்றன் வழியே வர வேண்டும். உடம்பாலும் பிற உயிர்களாலும் வருவது, பூதங்களாலும் பொருள்களாலும் வருவது, தெய்வத்தால் வருவது. விதி என்றே வைத்துக்கொண்டாலும் அது எந்த வாயிலால் வந்தது என்று தேடச் சித்தாந்தி தடுக்கப்படவில்லை.

விதி என்று கேள்வியை மூடும் ஆபத்தை மலையகம் கராஜுக்கு வெளியிலும் பார்த்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது. விதி என்று அன்று அழுதவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. மலை முன்பே திக்கியிருக்கிறது, கேட்டவர்களும் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், ஒருத்தி 8 வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அவர்களை எந்த வினை அங்கே கூட்டிவந்தது என்று எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. தடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருந்தது என்பதை ஒரு நாடாவால் அளந்துவிடலாம்.

அடுத்த ஏப்ரலில் ராதல்லவுக்குப் போகிறவர்கள் வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கட்டும், ரோதை முனிக்கு ஒரு தேங்காயும் உடைக்கட்டும். ஓட்டுகிறவர்கள் புறப்படும் முன் பிளக் இடைவெளியை ஒரு தரம் அளந்து பாருங்கள். பார்க்கப் போகிறவர்கள் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், பிள்ளைகளை மண்மேட்டின் மேலே நிறுத்துங்கள்.