யாருக்குப் போடும் ஊசி?

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கான நாள் ஒரே மாதிரிதான் நகரும். எடை, ரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் ஊசி. எதுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "குழந்தைக்கு நல்லதும்மா."

பொய்யில்லை. அது ரண ஜன்னி ஊசி. முன்பு டி.டி. என்றார்கள், தொண்டை அடைப்பானையும் சேர்த்த பிறகு பெயர் மாறியது, தமிழில் எழுதினால் அதுவும் டி.டி.தான்.

இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் கிடப்பவை. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் உள்ளே போய்விடும். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்கு, ஒரு வாரத்துக்குள் தாடை இறுகும், உடம்பு வில்லாக விறைக்கும். குழந்தைக்கென்று போடும் முதல் ரண ஜன்னி ஊசியோ ஆறாவது வாரத்தில்தான். அதுவரைக்கும் காப்பது, தாயின் ரத்தத்தில் உருவாகி நஞ்சுக்கொடி வழியாக இறங்கிய எதிர்ப்புப் பொருள் மட்டுமே. 1988இல் உலகம் முழுக்க சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2015இல் இந்தியா இதை ஒழித்துவிட்டதாக அந்நிறுவனம் உறுதி செய்தது. ஒழிப்பு என்றால், எந்த மாவட்டத்திலும் ஆண்டுக்கு 1000 உயிர்ப்பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது.

தடுப்பூசிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் நியாயம் என்ன? நீ போட்டுக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரரும் பிழைப்பார். தட்டம்மைக்கு அது சரி. ரண ஜன்னி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. திண்டிவனம் முழுக்கப் போட்டுக்கொண்டாலும், போடாத ஒருத்தியின் பிள்ளைக்கு அதனால் எந்தக் காப்பும் இல்லை. அப்படியென்றால் ஊர் நன்மையைச் சொல்லி அவளை வற்புறுத்த முடியாது. மிஞ்சுவது அவளும் அவள் வயிற்றில் இருப்பதும்தான். அவளிடம்தானே கேட்கணும்?

"ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தால் நோய் ஒழிந்திருக்குமா?" என்று செவிலியர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி, வாசலைத் தாண்டி நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் "குழந்தைக்கு நல்லது" என்பது பாதி உண்மை. பிரசவத்திலும் கருக்கலைப்பிலும் தாய்க்கே ரண ஜன்னி வரலாம். அந்தப் பாதியை விட்டுவிடும்போது அவள் மருந்து போகும் குழாய் ஆகிவிடுகிறாள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிகள் இப்போது பரிசோதனையில் உள்ளன. அதில் பலன் பெரும்பாலும் பிள்ளைக்கு, ஊசி முழுக்க அவள் கையில். நாளைக்கு அது இங்கே வந்தால், ஏன் என்று சொல்லிப் பழகாத வாய் அன்றைக்கு மட்டும் சொல்லிவிடுமா?

"இது உனக்கும்தாம்மா, உம் புள்ளைக்கும்தான். நாலு வாரம் கழிச்சு இன்னொண்ணு போடணும், சரியா?" இதைச் சொல்லப் பத்து வினாடி போதும்.