ஓட்டும் ஒரு சாட்சியமே



தேர்தல் நெருங்கினால் சிலர் தொழுகை முடிந்ததும் வந்து, "ஹஜ்ரத், யாருக்கு ஓட்டுப் போடணும்னு மிம்பர்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்கிறார்கள். வேறு சிலர், "மார்க்கம் வேறு, அரசியல் வேறு. அந்தப் பேச்சே பள்ளியில் வேண்டாம்" என்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் தமது மஆரிஃபுல் குர்ஆனில், அல்மாயிதா 8-வது வசனத்தின் விளக்கத்தில், பரீட்சைத் தாளுக்கு மார்க் போடுவதும் தேர்தலில் ஓட்டுப் போடுவதும்கூட சாட்சியம்தான் என்கிறார்கள். இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர், நம்பகமானவர் என்று ஓட்டுப் போடுகிறவர் சாட்சி சொல்கிறார். அப்படியானால் ஓட்டுக்கு வாங்கும் பணம் என்ன? கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுமுன் ஒருவன் வாங்கும் பணம் எதுவோ, அதுதான். "எல்லாக் கட்சியும் கொடுக்குது, நம்ம பணம்தானே" என்ற சமாதானம் மறுமையில் செல்லுமா?

நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களைச் சொல்லும்போது சாய்ந்திருந்தார்கள். பொய்ச்சாட்சியம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னதாக புகாரியில் வருகிறது.

பணம் வாங்காதவருக்கும் ஒரு சோதனை உண்டு. "நம்ம ஆளு, அஞ்சு வேளை தொழுகிறார், போதாதா?" அபூதர் (ரழி) அவர்களைவிடப் பேணுதலானவரை நாம் எங்கே தேடுவது? அவர்கள் பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம் என்று சொன்னார்கள் (முஸ்லிம்). ஈமானில் குறை கண்டு அல்ல. நிர்வாகம் தனித் தகுதி.

சமுதாயத்துக்குப் பிரதிநிதி வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டமன்றத்தில் நம் குரல் ஒலிப்பதும், நம் உரிமையைப் பறிக்க நினைப்பவர் யார் என்பதும் யோசிக்க வேண்டியவைதான். ஆனால் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதியோடு சாட்சி சொல்லச் சொல்கிறது அந்நிஸா 135. எதிரே நிற்கும் பிற மதச் சகோதரர் கை சுத்தமானவர், நம்மவர் அப்படியில்லை என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் என்ன சாட்சி சொல்வீர்கள்?

அதனால்தான் நான் மிம்பரில் பெயர் சொல்வதில்லை. சாட்சி என்பவன் தான் அறிந்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் தொகுதியை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். அதற்காக, அன்று லீவுதானே என்று வீட்டில் படுத்துவிடவும் முடியாது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளமே பாவத்துக்குள்ளாகிறது என்கிறது அல்பகரா 283.