ஈன்றாள் கண்ணீர்

மகவு ஈன்ற மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ, வெளிப்படையாய காரணம் யாதுமின்றித் தாயொருத்தி விம்மி அழுகின்றாள்; சிறிது பொழுது கழிந்தபின் மகவின் முகம் நோக்கி மகிழ்கின்றாள்; மீட்டும் அழுகின்றாள். 'என் மகவின்பால் எனக்கு அன்பு சுரக்கவில்லையே' என்று தன்னையே நொந்துகொள்வாளும் உளள். இஃது அவள்பாற் குற்றமாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. வளவனூர்ப் பக்கத்தில் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்த மகளிரை நோக்கி, 'பெற்றவளுக்கு அழுகை என்ன?' என முதியோர் சிலர் கடிந்துரைத்தலைக் கேட்டு வருகின்றோமாதலின், இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று.

'தாயன்பையே திருவருட்கு உவமையாக எடுத்தோதுகின்றன நம் அருள்நூல்கள்; அவ்வன்பு ஒருத்திபாற் குறைந்துழி அது குற்றமேயாம்' எனின், அற்றன்று. உவமை ஒருபுடை ஒப்பதே. மணிவாசகப் பெருமான் திருவாசகத்தில் இறைவனைத் தாயினும் மிக்க பரிவுடையனாக வைத்தே பாடினார். தாயன்பு எஞ்ஞான்றும் குறைவிலதாயின், அதற்கு மேலொன்று கூற வேண்டாமை அறிக.

இனி, விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தருளிய மெய்கண்டதேவர், சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனத் தெளிவித்தார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியமாய கருவிகள், சடம். உயிர் அவற்றொடு கூடிநின்றே நினைக்கின்றது, மகிழ்கின்றது, அழுகின்றது. கண் நோயுற்றுழிக் காட்சி மங்குதல் காண்பானது குற்றமன்று. கருவிக்கு உற்ற ஊறே. மனமும் அத்தகையது. கருவுற்ற காலத்து மிக்கிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்னும் சுரப்புகள் மகப்பேற்றின்பின் சில நாளிலேயே மிகத் தாழ்ந்துவிடுகின்றன என்பர் இக்காலத்து மருத்துவர். உறக்கமோ இல்லை, உடல் நோவும் தீர்ந்திலது. ஆதலின் ஈன்றாருட் பெரும்பாலார்க்கு இக்கலக்கம் தோன்றி, இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கும். அடங்காது நீடிப்பின் அது நோய். மருத்துவரை நாடுதல் கடன். தன்னுயிரையேனும் மகவின் உயிரையேனும் போக்கும் எண்ணம் எழினும், அறிவு திரியினும், ஒருநாளும் தாழ்த்தலாகாது. அதனைப் பேய்க்கோள் என்று வேப்பிலை தேடி நாட்கழிப்பாரை என்னென்பது!

'வினைப்பயன்; நுகர்ந்தே தீர்தல் வேண்டும்' என்பாரும் நம்முட் சிலர் உளர். அவர் தமக்குச் சுரங்கண்டவழி அங்ஙனங் கூறி வாளா கிடந்திலர். கஷாயம் காய்ச்சுவித்தே உண்டனர். துன்பம் வினைவழி வருமாயின், அதனைத் தீர்க்கும் மருந்தும் துணையும் அவ்வழியே வருவனவாம். பிறர் வினையை அளந்து கூறும் அதிகாரம் நமக்குத் தந்தார் யார்?

சிராப்பள்ளித் தலவரலாறு இவ்விடத்துச் சிந்திக்கற்பாலது. காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையிற் றடைப்பட்டு நிற்ப, இரத்தினாவதி என்னும் பெண் பேறுகால நோவில் தனித்து வருந்தினாள். இறைவன் அத்தாயின் வடிவாய் வந்து மகப்பேறு பார்த்து, வெள்ளம் வடிந்து அவள் வருங்காறும் உடனிருந்து, தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். சீகாழியில் அம்மையப்பர் எழுந்தருளியது பசித்தழுத குழந்தையின் பொருட்டு. இங்கு வந்தது ஈன்றாளின் பொருட்டு. அவட்கு அவன் உபதேசம் செய்திலன். கையால் ஆம் பணியே செய்தான். இவ்வேறுபாட்டைச் சொற்பொழிவாளர் பெரும்பாலும் எடுத்துரையாது விடுகின்றனர்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் தமிழ்நாட்டுச் சிற்றூர் மகளிரிடை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், மகப்பேற்றின்பின் மனச்சோர்வுற்றோர் நூற்றுக்கு 11 பேர் எனக் கண்டனர். அச்சோர்வை மிகுவிப்பனவாக அவர் கண்டவற்றுள் வறுமையும், மாமியாரொடும் பெற்றோரொடும் உள்ள பிணக்கும், கைத்துணை இன்மையும், ஆணை விரும்பியிருக்கப் பெண் பிறத்தலும் அடங்கும். கைத்துணை இன்மை சிராப்பள்ளியிற் கண்டதே. ஈற்றில் நின்றதோ நம்மனோரை நாணச் செய்வது. சத்தியைச் சிவத்தின் வேறாகாதவளென நாடோறும் போற்றுவார் இல்லத்திலும், 'பெண்தானா?' என்னும் சொல்லை ஈன்றவள் படுக்கையிற் கிடந்தபடியே கேட்கின்றாள்.