முதன்முறை கேட்பவரின் முகம்

இரவு பத்தரை மணிக்கு மேலும் பென்னலூரில் நெடுஞ்சாலை ஓய்வதில்லை. இரண்டாம் ஷிப்ட் முடித்தோரை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகளும், மூன்றாம் ஷிப்டுக்குச் செல்வோரை ஏற்றிச்செல்லும் பேருந்துகளும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே, இரவுச் செபத்தையும் முடித்தபின், பங்கு இல்லத்து மேசைமீது கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்கிறேன். சக குரு ஒருவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறர் பாட்டுக் கேட்பதை நான் பார்க்கிறேன்.

முன்பின் அறியாத ஒருவர், எங்கோ ஒரு நாட்டில் தம் அறையில் அமர்ந்து, இதுவரை கேட்டிராத பழைய பாடலொன்றை முதன்முறையாகக் கேட்கிறார். கேட்கும்போது அவர் முகத்தில் தோன்றும் மாறுதல்களும், இடையிடையே அவர் உதிர்க்கும் சொற்களும் படமாகின்றன. 'ரியாக்‌ஷன் வீடியோ' என்று நம் இளைஞர் இதனைச் சொல்கின்றனர். நான் தேடிப் பார்ப்பவை பெரும்பாலும் 'புரோகிரஸிவ் ராக்' எனப்படும் இசைவகையைப் புதியவர்கள் கேட்கும் காணொளிகளே.

இந்த இசை 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. மூன்று நிமிடத்தில் முடியும் பாடலின் கட்டுக்குள் அடங்க மறுத்த இளம் கலைஞர்கள், மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றை ராக் இசையுடன் பிணைத்தனர். 'எஸ்' குழுவினர் 1972-இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிரப்பியது. அதே ஆண்டில் 'ஜெனசிஸ்' குழுவினர் தந்த 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகளாக ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஓடுகிறது. திருவெளிப்பாட்டு நூலின் 19-ஆம் அதிகாரத்து விருந்தும், 21-ஆம் அதிகாரத்துப் புதிய எருசலேமும் அதில் இடம்பெறுகின்றன. ஒரு பகுதி ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்து கேட்போரைத் தடுமாற வைக்கும்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் இதனை நான் அறிந்தேன். பெரம்பூர் ரயில்வே குடும்பத்திலிருந்து வந்த வகுப்புத் தோழர் ஒருவர், கோடுபோட்ட அட்டையில் பெயரெழுதிய ஒலிநாடா ஒன்றை வைத்திருந்தார். சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்து, விடுமுறை நாள் மாலைகளில் மெல்லிய ஒலியில் கேட்போம். முதன்முறை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, தொடக்கத்தில் வந்த ஒரு சிறு மெட்டு இறுதியில் பேருருக்கொண்டு திரும்பி வந்தபோது கண்கள் கலங்கின. பின்னர் நூறு முறையேனும் கேட்டிருப்பேன். அந்தக் கலக்கம் மட்டும் மீண்டும் வரவில்லை. முதன்முறை என்பது ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது.

இத்தகைய காணொளிகளில் உலகறிந்த ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேரி என்னும் ஊர் உள்ளது. 1906-இல் ஓர் உருக்கு நிறுவனம் தன் ஆலைக்காக உருவாக்கிய ஊர் அது. 1960-இல் 1,78,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2020-இல் 70,000 பேர்கூட இல்லை. அவ்வூரைச் சேர்ந்த டிம் வில்லியம்ஸ், ஃபிரெட் வில்லியம்ஸ் என்னும் இரட்டைச் சகோதரர்கள், 2020-இல் 'இன் தி ஏர் டுநைட்' என்ற பாடலைக் கேட்டனர். ஜெனசிஸ் குழுவின் முரசிசைஞராயிருந்த ஃபில் காலின்ஸ் 1981-இல் தனித்து வெளியிட்ட பாடல் அது. மூன்றரை நிமிடங்களுக்கு மேல் அடங்கி ஒலித்துவிட்டுத் திடீரென முரசுகள் அதிரும் இடத்தில், அவ்விருவரும் அதிர்ந்து, வியந்து, சிரித்தனர். அந்தச் சில நொடிகளைக் காண இலட்சக்கணக்கானோர் கூடினர். முப்பத்தொன்பது ஆண்டுப் பழைய பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மீண்டும் மேலேறியது.

பார்த்தவர்களில் மிகப் பலர் அப்பாடலை முன்பே அறிந்தவர்கள். முரசு எங்கே அதிரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒருவர் கண்டடைவதைப் பார்ப்பதில் நமக்கு ஏன் இத்தனை இன்பம்?

இக்கேள்வி பழையது. ஆடம் ஸ்மித்தைப் பொருளியலறிஞராகவே நாம் அறிவோம். அவர் 1759-இல் ஒழுக்க உணர்வுகளைப் பற்றி எழுதிய நூலில் இதனைத் தொட்டிருக்கிறார். பலமுறை படித்துச் சலித்த நூலை நண்பருக்குப் படித்துக் காட்டும்போது, அவருடைய வியப்பின் வழியே அது நமக்கும் மீண்டும் புதிதாகிறது என்பது அவர் கருத்து. அவருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர் புனித அகுஸ்தினார். மறைக்கல்வி கற்பித்துச் சோர்ந்துபோன தியோகிராசியாஸ் என்னும் கார்த்தேஜ் திருத்தொண்டருக்காக, கி.பி. 400-ஐ ஒட்டி அவர் ஒரு சிறுநூல் எழுதினார். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது சலிப்பூட்டுகிறதே என்பது திருத்தொண்டரின் குறை. நாம் அன்றாடம் கண்டு பொருட்படுத்தாது கடந்துபோகும் அழகிய இடங்களை, அவற்றை முன்பு காணாதவர்களுக்குக் காட்டும்போது நம் மகிழ்ச்சியும் புதுப்பிக்கப்படுகிறது அன்றோ என்று அகுஸ்தினார் கேட்கிறார். அதனோடு ஒன்றைச் சேர்க்கிறார்: அவர்கள் எவ்வளவுக்கு நமக்கு நெருங்கிய நண்பர்களோ, அவ்வளவுக்குப் பழையவையும் நமக்குப் புதியவையாகின்றன. அன்பினால் நாம் அவர்களுக்குள்ளும் அவர்கள் நமக்குள்ளும் குடியிருப்பதே காரணம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே சொற்களால் திருப்பலி நிறைவேற்றிவரும் எனக்கு அத்திருத்தொண்டரின் சோர்வு புரிகிறது. அகுஸ்தினாரின் மருந்தும் புரிகிறது. ஆயினும் அவர் சேர்த்த அந்த ஒரு சொல் என்னைக் குத்துகிறது. அவர் நண்பர்களைப் பற்றிப் பேசினார். நான் இரவில் பார்ப்பவர்களோ என் நண்பர்களல்லர். அவர்களின் பெயர்கூட எனக்கு நினைவில் தங்குவதில்லை. அப்படியானால் நான் நாடுவது அவர்களது மகிழ்ச்சியையா, என் சுவைக்கு ஒரு சாட்சியையா?

என்னைச் சோதித்துப் பார்த்தேன். விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை. கேட்பவர் வியந்தால் நான் மகிழ்கிறேன். இடையில் நிறுத்தி, "நீளமாக இருக்கிறது" என்று அவர் சொன்னால் எனக்குச் சினம் எழுகிறது. அவர் இசைக்கல்லூரியில் பயின்றவர் என்றால் அவருடைய பாராட்டு எனக்கு இன்னும் இனிக்கிறது. இக்குறை என் ஒருவனுடையதன்று. வெளிநாட்டவர் இளையராஜாவின் பாடலைக் கேட்டு வியக்கும் காணொளிகளுக்கு நம்மவர் திரண்டு செல்வதைக் காண்கிறோம். நம் வீட்டுப் பொருளின் மதிப்பை அயலார் முகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள விழைகிறோம். கேட்பவர்களும் இதனை அறிவார்கள். பார்வையாளர் பெருகினால் வருவாய் பெருகும் என்பதால், முன்பே கேட்ட பாடலுக்கும் சிலர் முதன்முறை வியப்பை நடிக்கக்கூடும். அன்பு கேட்காத இடத்தில் சாட்சியம் விலைக்கு வருவது இயல்பே.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்து இளைஞர் ஒருவர், ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கிறார். ஞாயிறு மாலைத் திருப்பலிக்குத் தவறாமல் வருவார். இசையில் நாட்டமுடையவர் என்று அறிந்து, ஒருநாள் அவரை அமர்த்தி, நல்ல ஒலிபெருக்கியில் அந்த 23 நிமிடப் பாடலை ஒலிக்கவிட்டேன். பாடலை நான் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மெட்டு திரும்பிவரும் இடம் நெருங்க நெருங்க என் நெஞ்சு படபடத்தது. அந்த இடத்தில் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துக்கு நேரமாகியிருந்தது. முடிந்ததும், "நல்லா இருக்கு ஃபாதர்" என்றார், தாம் கற்ற தமிழில்.

என் ஏமாற்றம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் வந்தவர் தயங்கியபடி, "ஃபாதர், எங்க ஊர்ப் பாட்டு கேக்கிறீங்களா?" என்றார். கரம் விழாவில் தம் கிராமத்தார் பாடி ஆடியதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தார். மாந்தர் என்னும் மேளம் ஒரே சீராய் ஒலிக்க, பெண்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினர். மூன்று நிமிடம் கழிந்தது. ஐந்து நிமிடம் கழிந்தது. அதே அடிதான். நான் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்த கணத்தில், அவர் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பாட்டு முடிந்ததும் என் வாயிலிருந்து வந்ததும் அதே சொல்தான்: "நல்லா இருக்கு, தம்பி."

அன்றிரவு நான் காணொளி எதுவும் பார்க்கவில்லை. பிறர் புதியவராக அமர்ந்து கேட்பதை ஆண்டுக்கணக்காய்ப் பார்த்து மகிழ்ந்த நான், எனக்கு அந்த இருக்கை தரப்பட்டபோது ஐந்து நிமிடம்கூட அமரத் தெரியாதவனாய் இருந்தேன். அடுத்த ஞாயிறு அப்பாட்டை மீண்டும் போடச் சொன்னேன். அவர் விளக்கினார். ஆடுவோரின் கால்மாற்று எங்கே நிகழ்கிறது, மேளம் அதற்கு எப்படிச் சைகை தருகிறது, அடி அதேயாயினும் எந்த இடத்தில் முதியவர்கள் விலகி இளையவர்கள் குரலெடுக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். பின்பு விரலை உயர்த்தி, "இது அம்மா" என்றார். பல குரல்களுக்கிடையே சற்றே கீழிறங்கி ஒலித்த அந்தக் குரலை மூன்றாம் முறை நானே கண்டுகொண்டேன். இரண்டு ஆண்டுகளாக அவர் ஊருக்குப் போகவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பென்னலூரை அடுத்துள்ள திருப்பெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரில் தமக்கு மறைவாய் அருளப்பட்ட மந்திரத்தை, வெளியிட்டால் நரகம் என்று அறிந்தும், எல்லாரும் உய்யட்டும் என்று கோயில் உச்சியேறி அவர் உரைத்ததாக வைணவ மரபு கூறுகிறது. தாம் பெற்ற நன்மையைப் பிறருக்குத் தருவதில் அவர் தம்மையே பணயம் வைத்தார். மறுபக்கத்தில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரை எண்ணிப் பார்ப்போம். தமிழுக்குப் புதியவராய் வந்தவர், வியப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. அமர்ந்து கற்றார். 1726-இல் தேம்பாவணியும் 1732-இல் சதுரகராதியும் அக்கல்வியின் கனிகளாயின. கொடுப்பவருக்கும் விலையுண்டு, பெறுபவருக்கும் விலையுண்டு என்பதை இவ்விருவரும் காட்டுகின்றனர். திரையின் முன் அமரும் எனக்கோ எந்த விலையும் இல்லை. பிடிக்காத முகத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்த முகத்துக்குப் போகலாம்.

ஆகவே இக்காணொளிகள் தீயவை என்று நான் முடிவுகட்டவில்லை. நன்மை தன்னைப் பரப்பிக்கொள்ளும் இயல்புடையது என்று குருமடத்தில் கற்றோம். அன்புடைய எவரும் தாம் சுவைத்ததைப் பிறர் சுவைப்பதைக் காண விரும்புவர். கேரி நகரத்துச் சகோதரர்களின் சிரிப்பு எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. அந்த மகிழ்ச்சி அன்பா, தன்விருப்பா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: இன்னொருவரின் பாட்டுக்கு நாம் புதியவராய் அமர ஒப்புகிறோமா? இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் நம் பக்கத்து அறைகளில் உறங்கி எழுகின்றனர். அவர்கள் கைப்பேசிகளில் என்ன பாட்டு ஒலிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்த இளைஞர் வரும் ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கரம் பாட்டில் எனக்கு இன்னும் பிடிபடாத ஒரு தாளமாற்று இருக்கிறது. அதைக் கற்றுத் தருவார். என் 23 நிமிடப் பாடலில் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் மறுபடி கேட்க அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இம்முறை நான் அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவர் அருகில் அமர்ந்து நானும் பாட்டைக் கேட்க எண்ணியிருக்கிறேன்.