எங்கே கறார், எங்கே தாராளம்

மின் கிட்டாரின் உடம்பை எந்த வடிவத்திலும் அறுக்கலாம். இடுப்பு வளைவு ஒரு பக்கம் கூடிப்போனாலும் அது பாடும். கழுத்தில் பிரெட் எனப்படும் மெட்டுக்காகப் போடும் காடி இரண்டு மில்லிமீட்டர் விலகினால் கதை வேறு. எவ்வளவு தேர்ந்த விரல் வந்தாலும் அந்த இடத்தில் சுருதி சேராது. அக்கா மகனும் நானும் வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய உட்கார்ந்ததிலிருந்து இந்த வித்தியாசம் என்னை விடவில்லை. வாழ்க்கையில் எதில் விட்டுக்கொடுக்கிறோம், எதில் பிடிவாதம் பிடிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் இடம் மாற்றித்தான் பிடிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா வீடு கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில். அங்கே பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய வேங்கைப் பலகை ஒன்று பரணில் கிடந்தது. கனமான மரம், ஈரம் பட்டால் மஞ்சளாகக் கறை விடும். அதை இழைத்து வாங்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு சிற்பப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பம் எங்கள் ஊருடையது; உளிச் சத்தம் எங்களுக்குப் பழகிய ஒன்று. பட்டறைப் பெரியவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கணக்கு இருக்கா தம்பி?” என்று கேட்டார்.

அவருக்குக் கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம், சிற்பக் கணக்கில் அது 12 அங்குலம். எந்தச் சாமிக்கு எத்தனை தாலம் என்று வகுத்து, பலகையில் கோடு போட்ட பிறகுதான் உளியை எடுக்கிறார். ஆடை மடிப்பிலும் மாலையிலும் கை தன் போக்கில் போகிறது. “கண்ணு தொறக்குற எடம் தப்பினா சாமி நம்மளப் பாக்காது தம்பி. மாலையில ஒரு பூவு கூடக் கொறைய இருந்தா யாரு எண்ணப்போறா?” என்றார். நான் சொல்ல நினைப்பதை அவர் அன்றே சொல்லிவிட்டார்.

எங்கள் கணக்கு இது. கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் பிரெட்டின் தூரம், ஏறத்தாழ 36.4. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது பிரெட் சரிபாதியில், 324இல் வந்து நிற்கும். அங்கே மேல் ஸ்தாயி பிறக்கிறது. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் 18ஆல் வகுக்கச் சொன்னார். லூட் என்ற பழைய வாத்தியத்தில் விரல் அழுத்தம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது. எங்கள் அளவுக்கு அப்படி வகுத்தால் பன்னிரண்டாவது பிரெட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறது. கம்பி தங்கும் பாலத்தில் உள்ள திருகால் ஒரு கம்பியின் மொத்த நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தப்பிய ஒரு காடியை அதனால் மீட்க முடியாது.

தஞ்சாவூர் வீணையில் இதற்கு வேறு வழி வைத்தார்கள். 24 மெட்டுகளும் கருமெழுகில் நிற்கின்றன. காதால் கேட்டுப் பதிக்கிறார்கள். காலப்போக்கில் சுருதி விலகினால் மெழுகை இளக்கி மறுபடி பதிக்கலாம். திருத்த இடம் வைத்தே செய்த வாத்தியம் அது. நம் முடிவுகளிலும் மெழுகில் நிற்பவை உண்டு, வாளால் அறுத்தவை உண்டு. எது எது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடிந்தால் பாதிக் கவலை தீரும்.

உடம்பின் கதைக்கு வருகிறேன். 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நியூயார்க்கில் நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பி பூட்டி வாசித்தார். நல்ல ஒலிதான், கேட்டவர்கள் மனம் ஒட்டவில்லை. வேறொரு கிட்டாரின் இரு பக்கங்களையும் வெட்டி அந்தக் கட்டைக்குச் சிறகாக ஒட்டிய பிறகு ரசித்தார்கள். லண்டனில் 1963இல் பிரையன் மே என்ற பையன் தன் தந்தையோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய கணப்புச் சட்டத்தின் மகோகனி. அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். பாலத்துக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், பிரெட் பலகையில் அடையாளத்துக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பொத்தான். பின்னாளில் குவீன் இசைக்குழுவோடு உலகமெல்லாம் கேட்டது அந்தக் கிட்டார்தான். பொருள் எங்கிருந்து வந்தாலும் தகும் என்ற தாராளமும், அளவில் விட்டுக்கொடுக்காத கறாரும் லெஸ் பாலிடமும் மேயிடமும் இருந்தன.

ஒயரிங்கில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு, மயிரிழை போன்ற செம்புக் கம்பியைக் காந்தத்தின் மேல் எட்டாயிரம் சுற்று வரை சுற்ற வேண்டும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் தன் இயந்திரத்தில் சுற்றித் தந்தார். கம்பி மட்டும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது. சுற்றில் நூறு இருநூறு கூடினாலும் குறைந்தாலும் குரல் சற்று மாறும், அவ்வளவுதான். எர்த் கம்பி அப்படியில்லை. பாலத்திலிருந்து அது போகாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் ஓயாது. பற்றவைத்த பிறகு, கம்பியில் விரல் பட்டதுமே இரைச்சல் அடங்குகிறது. ஆம்ப், மைக் ஆகியவற்றின் எர்த்தோ உயிர் சம்பந்தப்பட்டது. 1972 மே மாதம் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். எங்கள் பக்கத்தில் புது வீட்டு முகப்புக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க நாலு ஊர் அலைகிறோம். எர்த் குழி தோண்டும்போது மட்டும் “போதும்பா, மூடு” என்கிறோம். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

பிள்ளை வளர்ப்பிலும் இதையே பார்க்கிறேன். “மொதல்ல இந்த முடிய வெட்டச் சொல்லுடா, மாமன் சொன்னா கேப்பான்” என்று அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். முடி, சட்டை, செல்போனில் ஓடும் பாட்டு என்று தினமும் சண்டை. பதினாறு வயதுப் பையன் அவன் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளிமலை ஏறும் கொண்டையூசி வளைவுகளில் போய்வருவதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஊர்ல எல்லாப் பசங்களும்தான் ஓட்டுறானுங்க” என்கிறாள்.

முடியை விட்டுவிடு அக்கா, அது வளரும், வெட்டலாம், மறுபடி வளரும். வண்டிச் சாவியை மட்டும் கொடுக்காதே என்று அத்தானையும் வைத்துக்கொண்டே சொன்னேன். அத்தான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பையன் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியது என் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டு முடிந்து அவன் லைசென்ஸ் எடுக்கும் அன்று, அவன் பின்னால் உட்கார்ந்து வெள்ளிமலை வரை நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.