காணாத பாறை

ஜப்பானியச் சித்திரக்காரர் ஹிரோஷிகே, 1853-க்கும் 1856-க்கும் இடையில் தம் நாட்டின் அறுபத்துச் சொச்சம் மாகாணங்களுக்கும் மாகாணத்துக்கு ஒன்றாகப் படம் வரைந்தார். எல்லாம் மர அச்சுப் படங்கள். அவற்றில் ஒன்று சத்சுமா மாகாணத்தின் கடற்கரை. தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு பாறைகள், உருவி நட்ட வாள்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. இரட்டை வாள் பாறை என்றே அவற்றுக்குப் பெயர். ககோஷிமா கரையோரத்தில் அவை இன்றும் நிற்கின்றன.

ஆனால் ஹிரோஷிகே அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அவர் வாழ்ந்த எடோ நகரம் எங்கே, நாட்டின் தென்கோடியிலுள்ள சத்சுமா எங்கே! இந்த வரிசையின் பல படங்களுக்கு, ஊர் ஊராக அலைந்து பார்த்த ஃபுச்சிகாமி கியொக்கோ என்பவர் அரை நூற்றாண்டுக்கு முன் வெளியிட்ட இயற்கைக் காட்சிப் புத்தகம்தான் ஆதாரம்.

அப்படியானால் இவை பொய்ப் படங்களா?

அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடக்கூடாது. மர அச்சுப் படமே பலர் கை பட்டு உருவாவது. மெல்லிய தாளில் வரைந்த கோட்டுப் படத்தைச் செதுக்குகிறவர் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவார். அவருடைய உளி பட்டு மூலப்படம் அழிந்துபோகும். பிறகு வண்ணங்களுக்கெனத் தனித்தனிப் பலகைகள். அச்சிடுகிறவர் சாயத்தைத் துடைத்துத் துடைத்து வானத்தின் நீலத்தை மெல்லக் கரைப்பார். கை பலருடையதாக இருக்கலாம் என்றால் கண் மட்டும் ஏன் இன்னொருவருடையதாக இருக்கக்கூடாது?

இந்தக் கேள்வி என் போன்ற கதைக்காரனைச் சும்மா விடாது. தூக்குமேடை ஏறாமல் தூக்குக் கைதியைப் பற்றி எழுதுகிறோம். பிள்ளையைப் பறிகொடுக்காமல் பறிகொடுத்த தாயைப் பற்றி எழுதுகிறோம். கண்டதை மட்டுமே எழுதலாம் என்று சட்டம் போட்டால் கதை என்பதே இருக்காது. பிறர் துக்கத்தை நினைத்துப் பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விடும். அந்த நஷ்டம் சின்னதல்ல.

ஆனாலும் ஒரு கணக்குப் பாக்கி நிற்கிறது. படத்தில் ஹிரோஷிகேயின் பெயரோடு சேர்ந்திருக்கும் எழுத்துக்குத் தூரிகை என்று பொருள். தூரிகை என்னுடையது என்கிறார். கண் என்னுடையது என்று சொல்லவில்லை. அதுவரை நேர்மைதான். ஆனால் நடந்து, பார்த்து, வரைந்து வைத்த கியொக்கோவின் பெயர் அங்கே இல்லை. அன்றைய வழக்கம் அது; அதற்காக ஹிரோஷிகேயைத் தண்டிக்க வேண்டாம். வழக்கம் என்பதால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமா?

காணாததைக் கற்பனை செய்வது குற்றமில்லை. கண்டவனை மறைப்பதுதான் குற்றம். பாறைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஆனால் துக்கப்பட்ட மனிதன் பாறையல்ல. அவன் கதையை எடுத்துக்கொண்டு பெயர் வாங்குகிறவன், அது யார் பட்ட பாடு என்பதையாவது மறக்காமல் இருக்க வேண்டும்.